சிமென்ட்டைச் சுரண்டிய கோடை

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை. ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் மேற்குச் சுவரின் அடியில் சிவப்புத் தூள் ஒரு கோடாகக் கிடந்தது. பெருக்கி அள்ளினேன், ஒரு டம்ளர் தேறியது. அடுத்த சனிக்கிழமை போனால் மறுபடி ஒரு டம்ளர். மழை பெய்த வாரம் இரண்டு. நிமிர்ந்து பார்த்தால் செங்கல்லின் முகம் தாள் தாளாக உரிந்து உள்ளே போயிருக்கிறது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் சாந்து மட்டும் விலா எலும்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது. இதைச் சரிசெய்யப் போய் கோடை முழுக்க ஓடிவிட்டது. செய்ததையும் சொதப்பியதையும் மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கிழக்குப் பகுதி. என் வீட்டிலிருந்து அரை மணி நேரம் காரில் போனால் ஒரு குட்டி கிராமம்: ஒரு சர்ச், ஒரு தபால் ஆபீஸ், நாற்பது ஐம்பது வீடு. பழைய நேஷனல் ரோடு ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அதன் வடக்கு ஓரத்தில் 1830களில் கட்டிய இரண்டு மாடிச் செங்கல் கட்டடம். ஊர்க்காரர்கள் அதை ‘டாவர்ன்’ என்கிறார்கள். டாவர்ன் என்றால் சாராயக்கடை என்று நினைத்துத்தான் நானும் முதல் நாள் போனேன். நம்மூர் சத்திரம், சாப்பாட்டுக்கடை, லாயம், கள்ளுக்கடை நான்கையும் ஒரே கூரைக்குள் அடைத்தால் என்ன வருமோ அதுதான் டாவர்ன். சத்திரத்தில் சோறு இலவசம், இங்கே காசு.

அந்தச் சாலையின் கதை தெரிந்தால்தான் இந்தச் சுவரின் அருமை புரியும். அமெரிக்க மத்திய அரசு தன் கைக்காசில் போட்ட முதல் பெரிய நெடுஞ்சாலை அது. 1806ல் அதிபர் ஜெஃபர்சன் கையெழுத்துப் போட்டார். 1811ல் மேரிலாந்தின் கம்பர்லாந்தில் வேலை தொடங்கி, 1818ல் ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கும் வீலிங் வரை வந்தது. ஆற்றைத் தாண்டி எங்கள் பக்கம் மண் வெட்டியது 1825 ஜூலை 4. மாநிலத் தலைநகர் கொலம்பஸைத் தொட 1833 ஆகிவிட்டது. சாலை வந்ததும் வழிநெடுக டாவர்ன்கள் முளைத்தன. அதிலும் இரண்டு ஜாதி. ஸ்டேஜ் கோச் என்ற பயணிகள் குதிரை வண்டியில் வரும் கனவான்களுக்குக் கட்டில், வெள்ளை விரிப்பு, தனிச் சாப்பாட்டு அறை. சரக்கு வண்டிக்காரர்களுக்கும் பன்றி, மாடு, வான்கோழி மந்தைகளை நடத்தியே ஓட்டி வந்தவர்களுக்கும் ‘வேகன் ஸ்டாண்ட்’. அங்கே குடிக்கும் அறையிலேயே கணப்பு அடுப்பைச் சுற்றிக் காலை நீட்டி, கொண்டுவந்த போர்வையை விரித்துப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். எங்களுடையது இரண்டாவது ஜாதி. 1853ல் ரயில் வீலிங்கைத் தொட்டதும் வண்டிகள் குறைந்தன, டாவர்ன்கள் ஒவ்வொன்றாக வீடாக மாறின. 1926ல் அதே சாலை யூ.எஸ். 40 ஆகிக் கார்கள் வந்தன. பிறகு பக்கத்திலேயே ஐ-70 விரைவுச்சாலை போட்டுவிட்டதால் ஊர் மறுபடி தூங்கப் போய்விட்டது.

இப்போது கட்டடம் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் கையில். சனிக்கிழமை வேலைக்கு எட்டுப் பேர் வந்தால் அது திருவிழா. ஐம்பது வயதான நான்தான் இளைஞன்.

செங்கல் ஏன் உதிர்கிறது என்பதற்கு மூன்று பேர் மூன்று காரணம் சொன்னார்கள்: வயசாகிவிட்டது, அமில மழை, லாரி அதிர்வு. சுவரைக் கிட்டே போய்ப் பார்த்தாலே விஷயம் தெரிந்திருக்கும். ஆள் உயரம் வரைதான் சேதம். அதற்கு மேலே இருக்கும் செங்கல் நேற்று அடுக்கியது மாதிரி முனை மழுங்காமல் இருக்கிறது. மேலே இருக்கும் சாந்து வெளுத்த மஞ்சள். நகத்தால் கீறினால் மணல் உதிரும். கீழே சாம்பல் நிறம். சாவியால் கீறினாலும் கோடு விழவில்லை. கீழே இருந்தது போர்ட்லாந்து சிமென்ட், இன்று கடையில் மூட்டையில் வருவது. அதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதே 1824ல்தான். அமெரிக்காவில் பென்சில்வேனியாக்காரர் ஒருவர் அதைத் தயாரிக்கத் தொடங்கியது 1870களில். ஆக, 1830களின் சுவரில் அது இருக்க வழியே இல்லை. யாரோ பிற்பாடு அப்பியிருக்கிறார்கள்.

அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, எங்களில் மூத்தவர், ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அந்த சிமென்ட்டைக் குழைச்சது நான்தான்.” 1976ல் நாட்டின் இருநூறாவது ஆண்டு விழா. அதற்கு முந்தின கோடையில் ஊர்ப் பையன்கள் எல்லாம் சேர்ந்து டாவர்னைப் ‘பலப்படுத்தி’யிருக்கிறார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சந்துகளில் சாந்து உதிர்ந்திருந்தது, கடையில் கிடைத்த மூட்டையை வாங்கிக் குழைத்து அடைத்தார்கள். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கெடுதல் நடக்கும் விதம் எளிது. அந்தக் காலச் செங்கல் அந்த இடத்து மண்ணிலேயே அறுத்து, அங்கேயே சூளை போட்டுச் சுட்டது. வெளித்தோல் மட்டும் நன்றாக வெந்திருக்கும். உள்ளே மெத்தென்று இருக்கும், தண்ணீரைக் குடிக்கும். சுண்ணாம்புச் சாந்தும் தண்ணீரைக் குடித்து, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். சுவரில் ஏறும் ஈரத்துக்குச் சந்துகள்தான் வாசல். சிமென்ட் அந்த வாசலை அடைத்துவிடுகிறது. ஈரம் வேறு வழியில்லாமல் செங்கல் வழியாகவே வெளியே வரப் பார்க்கிறது. டிசம்பரில் அது கல்லுக்குள்ளேயே பனிக்கட்டியாக உறைந்து ஊதும்போது, முகம் அப்படியே பிளந்து விழுகிறது. ஒருமுறை தோல் போய்விட்டால் அப்புறம் உள்ளே இருக்கும் மெத்துக்கு ஒரு மழை போதும். சாந்து கல்லைவிட வலுக்குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. கல்லுக்குப் பதிலாக அது தேய வேண்டும். ஐம்பது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை நாம் மறுபடி நிரப்ப வேண்டும்.

சுவரில் கை வைப்பதற்கு முன் மேலே பார்த்தோம். மழைநீர்க் குழாயின் ஒரு மூட்டு விட்டுப்போய், தண்ணீர் நேராகச் சுவரடியில் கொட்டிக்கொண்டிருந்தது. அதை மாற்ற ஒரு மணி நேரமும் முப்பது டாலரும்தான் ஆயிற்று. அதைச் செய்யாமல் கீழே என்ன பூசினாலும் வீண்தான்.

ஜூன் மாதம் முழுக்கச் சுரண்டல். சந்தின் அகலம் சுமார் 10 மில்லிமீட்டர். அதைப்போல் இரண்டரை மடங்கு ஆழம், அதாவது ஒரு அங்குலம், பழையதை எடுக்க வேண்டும். கையுளி, சின்னச் சுத்தியல், முகத்தில் நல்ல வடிகட்டி உள்ள மாஸ்க். சிலிக்கா தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பாது, அதனால் தண்ணீர் தெளித்துக்கொண்டே வேலை. இரண்டு பேர் ஒரு நாள் முழுக்கத் தட்டினால் அரை சதுர மீட்டர். மூன்றாவது சனிக்கிழமை பொறுமை போய் என் ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டுவந்தேன். கிடைமட்டச் சந்துகளில் வெண்ணெய் மாதிரி போயிற்று. செங்குத்துச் சந்து ஒன்றில் வட்டு அரை அங்குலம் அதிகமாக ஓடி, மேலே இருந்த கல்லின் நெற்றியில் ஒரு வெட்டு. இருநூறு வருஷக் கல். பஸ்காரர் பார்த்துவிட்டு, “எனக்குத் துணைக்கு ஆள் கிடைச்சாச்சு” என்றார். அதன் பிறகு கிரைண்டர் படுக்கைச் சந்தின் நடுக்கோட்டுக்கு மட்டும், மற்றதெல்லாம் உளி. சில இடங்களில் சிமென்ட் கல்லோடு அப்படி ஒட்டியிருந்தது, தட்டினால் கல்தான் உடையும். அங்கெல்லாம் அப்படியே விட்டுவிட்டோம்.

அடுத்து, பழைய சாந்தில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். சிமென்ட் தொடாத இடம் பரண்மேல் கிடைத்தது, புகைபோக்கிக்குப் பக்கத்துச் சுவரின் உள்பக்கம். அங்கிருந்து 50 கிராம் எடுத்தேன். விரலால் நசுக்கியபோதே உள்ளே மிளகு அளவில் வெள்ளைக் கட்டிகள். சுட்ட சுண்ணாம்புக்கல்லை மணலோடு சேர்த்தே தண்ணீர் விட்டு நீற்றியதற்கு அதுதான் அடையாளம். நன்றாக ஊறாத துண்டுகள் அப்படியே தங்கிவிடும். கண்ணாடி ஜாரில் தூளைப் போட்டு, தண்ணீரில் கலந்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். வெளியில் வைத்து, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான். சோடா பாட்டில் திறந்த மாதிரி நுரைத்துப் பொங்கி, இருபது நிமிஷத்தில் அடங்கியது. காபி ஃபில்டரில் வடிகட்டி, நாலைந்து முறை கழுவி, காயவைத்து நிறுத்தால் 38 கிராம். கரைந்துபோன 12 கிராமும் சுண்ணாம்பு; தாராளமாகவே போட்டிருக்கிறார்கள். மிஞ்சியது மணல்: தேன் நிறம், உருண்டை மணிகள், நடுவே இரண்டு கரித்துண்டு. அதைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து மணல் குவாரிகளில் ஏறி இறங்கினேன். மூன்றாவது இடத்தில் ஒத்துப்போனது.

மணல் விஷயத்தில் எனக்கு நம்பிக்கையான ஆள் ஒருவர்தான். புதுக்கோட்டைப் பக்கம் கொத்தனாராக இருக்கும் என் தாய்மாமா. வீடியோ காலில் மணலைக் காட்டினேன்.

“கேமராவுல காட்டினா என்ன தெரியும் மாப்ள? கையில அள்ளி இறுக்கிப் பிடிச்சுட்டு விடு. உள்ளங்கையில அழுக்கு ஒட்டுதா?”

“ஒட்டல மாமா.”

“காதுகிட்ட வச்சுத் தேய். நறநறன்னு பேசணும்.”

பேசியது. “சரி, சாந்துக்குக் கடுக்காய் ஊற வச்சாச்சா?” என்றார். இங்கே கடுக்காயும் கிடையாது, வெல்லமும் சேர்க்க மாட்டார்கள், வெறும் சுண்ணாம்பும் மணலும்தான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “பாவம், பச்சைத் தண்ணியில கட்டியிருக்கான்” என்றார்.

ஒஹாயோவின் வடமேற்குப் பகுதியில், ஜெனோவா, வுட்வில் பக்கம், டோலமைட் என்ற நல்ல சுண்ணாம்பு வகைப் பாறை உண்டு. பூச்சு வேலைக்கான சுண்ணாம்புக்கு அந்தப் பகுதி பேர்போனது. மூட்டையில் வரும் நீற்றிய சுண்ணாம்புப் பொடியை வாளித் தண்ணீரில் போட்டு ஒரு வாரம் ஊறவிட்டேன். நெய்ப்பதமாக, கரணையில் ஒட்டிக்கொள்ளும் விழுதாக வந்தது. ஒரு பங்கு விழுது, இரண்டரைப் பங்கு மணல். தண்ணீர் ஊற்றவே கூடாது. முதலில் புட்டுமாவு மாதிரி உதிரியாகத்தான் இருக்கும், ‘இது சேராது’ என்று தோன்றும். விடாமல் மிதித்துக் குத்திக்கொண்டே இருந்தால் கால் மணி நேரத்தில் விழுதிலிருந்தே ஈரம் விட்டுக் குழைந்துவிடும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடிவிட்டால் நாக்கு வேகுமே, இது அதைவிடப் பலமடங்கு. கண்ணில் தெறித்தால் ஆஸ்பத்திரிதான்.

முதல் பூச்சு ஜூலை முதல் வாரம். சந்தில் சாந்து அடைக்கும் வேலை (வேகமாகச் சொன்னால் நாக்கு சுளுக்கும்) பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு முடித்துவிட்டுப் பெருமையாகப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அடுத்த வாரம் வந்தால் பாதிச் சந்துகளில் தலைமுடி அளவு விரிசல். ஆணியால் தொட்டேன், விபூதி மாதிரி கொட்டியது. மேற்குச் சுவர், மதிய வெயில், புல்வெளிக் காற்று. சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து மெதுவாக மறுபடி கல்லாக மாறுகிறது. அதற்கு ஈரம் வேண்டும். ஒரே நாளில் உலர்ந்துவிட்டால் அந்த வேலை நடக்காது, மணலும் வெள்ளைப் பொடியும்தான் மிஞ்சும். போதாததற்கு ஒரு அங்குல ஆழத்தையும் ஒரே தள்ளில் நிரப்பியிருந்தோம். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தோம். இந்த முறை உளி தேவைப்படவில்லை, பழைய டூத்பிரஷ் போதுமாக இருந்தது. அவமானம் அதில்தான்.

இரண்டாவது முறை செய்ததுதான் கடைசி வரை கைகொடுத்தது. முந்தின நாள் மாலையே சுவரை நனைத்துவிடுவோம், காலையில் மறுபடி ஒருமுறை. கல் ஈரமாக இருக்க வேண்டும், பளபளவென்று தண்ணீர் நிற்கக் கூடாது. ஏழு மணிக்கு ஆரம்பித்து வெயில் திரும்புவதற்குள் நிறுத்திவிடுவோம். கால் அங்குலம் கால் அங்குலமாக அடைப்பது. ஒரு அடுக்கில் கட்டைவிரலை அழுத்தினால் ரேகை மட்டும் விழ வேண்டும், குழி விழக் கூடாது. அப்போதுதான் அடுத்த அடுக்கு. கடைசி அடுக்கைக் கல்லின் விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளேயே நிறுத்தி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து விறைப்பான பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுத்தால், மேலே பாலாடை மாதிரி படிந்த சுண்ணாம்பு போய் மணல்மணி தெரியும். பக்கத்திலுள்ள பழைய சாந்தோடு நிறம் சேர்வது அங்கேதான். அப்புறம் கோணிச்சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, ஊரில் இருப்பவர்கள் முறை வைத்துத் தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளித்தார்கள். எதிர்வீட்டுப் பாட்டி, எண்பதைத் தாண்டியவர், தன் ரோஜாச் செடிகளுக்கு ஊற்றும் கையோடு சாக்குக்கும் ஊற்றிவிடுவார்.

முகம் மொத்தமாகப் போன 23 கற்களை மாற்ற வேண்டியிருந்தது. புதுக்கல் வாங்கவில்லை. சிலவற்றைக் கழற்றி உட்பக்கத்தை வெளியே திருப்பி வைத்தோம். மீதிக்கு, பின்கட்டுச் சமையலறை எப்போதோ இடிந்தபோது யாரோ அடுக்கிவைத்த குவியலிலிருந்து எடுத்தோம். அதில் ஒரு கல்லில் நாயின் காலடி அச்சு. ஈரக்கல்லைக் காயவைத்திருந்தபோது அதன்மேல் நடந்திருக்கிறது. அதைக் கண்ணில் படும் உயரத்தில் வைக்கலாம் என்று சிலர், அது சுவரில் இருந்த கல் இல்லை, கூடாது என்று சிலர். அரை மணி நேரச் சண்டை. இப்போது உள்ளே அலமாரியில் இருக்கிறது. எனக்குச் சுவரில் வைக்கத்தான் ஆசை.

சுவரடித் தண்ணீர் வெளியே போக ஒரு கால்வாய் தோண்ட வேண்டியிருந்தது. மண்வெட்டியை எடுத்த கையைத் தொல்லியல் படித்த ஒரு பெண் பிடித்து நிறுத்தினார். டாவர்னில் எல்லாக் குப்பையையும் பின்வாசலிலிருந்து கைக்கெட்டிய தூரத்தில்தான் எறிந்திருப்பார்கள், அந்த மண்தான் கட்டடத்தின் கணக்குப் புத்தகம் என்றார். ஒரு மீட்டர் சதுரத்துக்கு நூல் கட்டி, பத்துப் பத்து சென்டிமீட்டராகச் சீவி, கால் அங்குலக் கண் சல்லடையில் சலித்தோம். இரண்டு நாளில் கிடைத்தவை: சதுர ஆணிகள், நீல விளிம்பு போட்ட பீங்கான் துண்டுகள், வெட்டுக்காயம் உள்ள பன்றி எலும்பு, விரல் நீள வெள்ளைக் களிமண் புகைக்குழாய்த் துண்டு, சிப்பி ஓடு. கடைசியில் சொன்னது கடல் சிப்பி. ஆயஸ்டர். கடல் இங்கிருந்து சில நூறு கிலோமீட்டர். மலையைத் தாண்டி, பால்டிமோர் பக்கத்திலிருந்து, குதிரை வண்டியில் வந்திருக்கிறது. தரையில் படுத்தவன் தின்றானா, டாவர்ன்காரரின் வீட்டு விருந்தா, சிப்பி சொல்லாது.

புகைக்குழாயை வைத்துக்கொண்டு ஒரு பாடம் நடந்தது. குழாயின் துளை எவ்வளவு அகலம் என்பதை டிரில் பிட்டை நுழைத்துப் பார்த்து வயதைச் சொல்லலாம் என்று ஹாரிங்டன் என்ற தொல்லியலாளர் 1954ல் காட்டினார். காலம் ஆக ஆகக் குழாய் நீண்டது, துளை சிறுத்தது. ஆனால் அந்தக் கணக்கு 17, 18ஆம் நூற்றாண்டுக்குத்தான் சரிப்படும். எங்களுடையது அதற்குப் பிந்தியது. இருந்தாலும் ஆளாளுக்கு டிரில் பிட்டை நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டோம். அடுத்தவர் வாய் வைக்க நுனியை ஒடித்துக் கொடுப்பார்கள் என்று பஸ்காரர் சொன்ன கதையை அந்தப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. களிமண் தானாகவே ஒடியும், சுத்தம் செய்ய இரும்புத் தட்டில் வைத்து நெருப்பில் சுட்டெடுத்தார்கள் என்றார். கால்வாயை இரண்டடி தள்ளித் தோண்டினோம்.

செப்டம்பர் மூன்றாவது வாரம் நிறுத்திவிட்டோம். 4 டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்பு வேலை ஆகாது, உறைபனி வருவதற்கு முன் சில வாரமாவது அது இறுக வேண்டும். 16 சதுர மீட்டரில் 11 முடிந்திருக்கிறது. கடைசி நாள் பஸ்காரர் உளியோடு கீழ் வரிசையில் உட்கார்ந்து, தான் பத்தொன்பது வயதில் அடைத்த ஒரு சந்தைத் தானே எடுத்தார். முழங்கை நீளத்துக்கு ஒரே துண்டாக வந்தது. குப்பையில் போடவில்லை, காரில் வைத்துக்கொண்டு போனார்.

சுவரடியில் தூள் இப்போதும் கிடக்கிறது. போன வாரம் அள்ளிப் பார்த்தேன்: கால் டம்ளர், அதிலும் சிவப்பைவிட மஞ்சள்தான் அதிகம். மீந்துபோன சுண்ணாம்பு விழுது வாளியை, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கவிட்டு மூடி, உறையாமல் இருக்க எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் வைத்திருக்கிறேன். அது நாள்பட நாள்படத்தான் பதமாகும், மே மாதம் வரை யாரும் தொடக் கூடாது. தோசைமாவு என்று நினைத்து யாராவது திறந்துவிடப் போகிறார்கள் என்று மனைவி வாளியின் மேல் மண்டையோடு வரைந்து ஒட்டியிருக்கிறாள்.